தறிப்பதற்கு முன் பாளையைப் பாருங்கள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். வன்னியில் வீடு கட்டத் தொடங்கும் எவருக்கும் வாசலுக்கு நேரே ஒரு மரம் நிற்பதும், அத்திவாரம் வெட்ட வந்த மேசன் அதைத் தறித்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்வதும் பழகிப்போன காட்சிகள். சொந்தக் காணியில் நிற்கும் மரந்தானே என்று பலர் உடனே கோடரியை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றும் நமது வளவுக்குள்ளேயே நின்றாலும், மரம் தறித்தலைக் கட்டுப்படுத்தும் இலங்கையின் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அனுமதி பெறாமல் அவற்றைத் தறிக்க முடியாது. மூன்றுமே பஞ்ச காலத்தில் வயிறு நிரப்பிய மரங்கள் என்பதை நமது அப்பாச்சிமாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவற்றுள் என் மனம் அதிகம் நிற்பது பெண்பனையில்தான். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் குற்றிகளாகப் போன பனைகள் எத்தனை என்று எண்ண முடியாது. 2010 இல் பரந்தன் பக்கத்திலுள்ள எங்கள் காணிக்கு நாங்கள் திரும்பியபோது, நிரையாக நின்ற பழைய பனைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிணற்றடியில் ஐந்து வடலிகள், அதாவது இளம் பனைகள், மட்டுமே நின்றன. வீட்டுக்குக் கயிறு பிடித்துப் பார்த்தால் அவற்றுள் இரண்டு சரியாக விறாந்தைக்குள் வந்தன. அண்ணா கோடரியோடு வந்தார். அப்பாச்சி வடலியைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஆணோ பெண்ணோ எண்டு தெரியாமல் தறிக்காதை, பாளை வரட்டும்" என்று சொன்னதுடன் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. நாங்கள் கயிற்றைக் கழற்றி, வீட்டைச் சில அடி கிழக்கே தள்ளிக் கட்டினோம்.

பனை பூப்பதற்குப் பொதுவாக 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். அதுவரை ஆண், பெண் என்று பிரித்தறிய முடியாது. ஆண்பனையின் பாளை விரல்விரலாக நீண்டு தொங்கும். பெண்பனையின் பாளையில் சிறு உருண்டைகளாகக் குரும்பைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பாச்சி காத்து நின்ற அந்த இரண்டு வடலிகளில் ஒன்று பெண்ணாயிற்று. இப்போது ஆண்டுதோறும் அதன் நுங்கை எங்கள் பிள்ளைகள் தின்கிறார்கள், அப்பாச்சிதான் இல்லை. சட்டம் பெண்பனையைப் பெயர் சொல்லிக் காக்கிறது. எதுவென்று தெரியாத வடலியை நாம்தான் காக்க வேண்டும். ஆகவே மீண்டும் சொல்கிறேன்: பாளை வரும்வரை வடலியில் கோடரியை வைக்காதீர்கள்.

பலாவோ பெண்பனையோ உண்மையாகவே கூரைக்கு ஆபத்தாகச் சாய்ந்து நின்றால், காரணத்தை எழுதிக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். அவர் வழியாக அது பிரதேச செயலகத்துக்குச் செல்லும். மரத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அது சாய்ந்திருக்கும் பக்கத்தையும் வேரடியையும் நேரில் காட்டுங்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வந்த பிறகே தறிப்பவரைக் கூப்பிடுங்கள். கூலி பேசி ஆளை நிறுத்திவிட்டு அனுமதிக்கு ஓடினால் அவசரம் நம்மைத் தவறு செய்ய வைத்துவிடும்.

முதிரை, பாலை, கருங்காலி ஆகிய காட்டு மரங்கள் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வளவில் நின்ற முதிரையே என்றாலும், அதை மரம் அரியும் மரக்காலைக்கு ஏற்றிச் செல்ல வனவளத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதி வேண்டும். உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடிப்பதற்கு முன்பே அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.