பேக்கரின் சுவர், பாவாவின் கூரை: தாமான் வீட்டுக்கு எது ஒத்துவரும்?

[காட்சி: மலேசியா, சுங்கை சிப்புட். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. பின்பக்கம் இழுத்துக் கட்டிய அடுப்படி, மேலே தகரம்.]

வணக்கம். மத்தியானம் இரண்டு மணிக்கு இந்த அடுப்படியில் நிற்க முடியாது. நான்கு மணி மழைக்குப் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இதே வெயிலோடும் மழையோடும் மல்லுக்கட்டிய கட்டடக்கலைஞர்கள்தான் கேரளத்தில் கட்டிய லாரி பேக்கரும் இலங்கையின் ஜெஃப்ரி பாவாவும்.

[காட்சி: கேரளம், பூசாத செங்கல் சுவர்.]

பேக்கர் பிறந்தது 1917-இல், பர்மிங்ஹாமில். போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவ உதவிக் குழுவில் இருந்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருளை ஐந்து மைல் சுற்றுக்குள் தேட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவரைக் கடைசிவரை விடவில்லை. பின்னாளில் திருவனந்தபுரத்தில் தங்கி, ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணிக் கட்டினார்.

அவர் பரப்பிய முறை எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவது. 9 அங்குலச் சுவருக்குள் 3 அங்குலம் வெற்றிடம் கிடைக்கும். வெப்பம் உள்ளே வரத் தாமதமாகும். 9×4½×3 அங்குலக் கல்லில், சாந்தைச் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள்: திடமான 9 அங்குலச் சுவருக்கு 4 கல் போகும் இடத்தில் இதற்கு 3 போதும்.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாமான் வீட்டுச் சுவர் பெரும்பாலும் 4½ அங்குலம். அதே பரப்புக்கு அது 2 கல்தான் கேட்கும். அதனால் இங்கே எலிப்பொறிக் கட்டு செலவைக் குறைக்காது, கூட்டும். வெயில் அறையும் மேற்குச் சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போது சாந்து வெற்றிடத்துக்குள் விழுந்து தேங்கினால், ஈரம் அதன் வழியாக உள்ளே கடக்கும். முதல் வரிசை, கடைசி வரிசை, மூலை, கதவோரம் எல்லாம் திடமாக வர வேண்டும். கேபினட் மாட்டும் இடத்தையும் முன்கூட்டியே குத்தகைக்காரரிடம் காட்டுங்கள். பிறகு துளை போட்டால் ஆணி வெற்றிடத்துக்குள் போய்விடும்.

[காட்சி: லுனுகங்கா, ஏரிக்கரை.]

பாவா 1919-இல் கொழும்பில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர்; முதலில் வக்கீல். 1948-இல் பெந்தோட்டை அருகே கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கினார்; அதுதான் இந்த லுனுகங்கா. பால்மரக் காட்டை அழகான தோட்டமாக மாற்ற ஆசை, தொழிலறிவு போதவில்லை. படிக்கப் போய், 1957-இல், 38 வயதில் கட்டடக்கலைஞர் ஆனார். பேக்கர் செலவிலிருந்து தொடங்குவார்; இவர் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதிலிருந்து. இலங்கை நாடாளுமன்றமும் கண்டலமை ஹோட்டலும் அப்படி வந்தவைதான்.

நம் அடுப்படிக்கு உதவுவது அவருடைய கூரை. நெளி சிமெண்ட் தகட்டின் மேல் அரைவட்ட ஓடு பரப்புவார். தகடு தண்ணீரைத் தடுக்கும்; ஓடு வெயிலையும் மழைச் சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். அவர் காலத்துத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது வேண்டவே வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தகட்டைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டின் கனத்தைப் பழைய தகரச் சட்டம் தாங்காது, மரத்தை மாற்றியாக வேண்டும்.

திறந்த முற்றமும் அவர் பாணிதான், காற்று பிய்த்துக்கொண்டு வரும். தரையை வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக இறக்கி, இரண்டு வடிகுழாய் வையுங்கள். ஒன்று மட்டும் இருந்து, அதை இலை அடைத்தால், அடுத்த மழை நேராக ஹாலுக்குள்தான் வரும்.