வெளியீடு முடிஞ்சது, வாசகர் எங்கே? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்டில இருந்து பேசறேன். வெளிய நல்ல மழை, கூரைச் சத்தம் உள்ள வந்தா கொஞ்சம் பொறுத்துக்குங்க.

கெடாவுல பீடோங் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேள்வி அனுப்பியிருக்காங்க. அப்படியே வாசிக்கிறேன். "அக்கா, என் சிறுகதைத் தொகுப்பைச் சொந்தக் காசுல 500 பிரதி அச்சடிச்சேன். வெளியீட்டு நாள்ல 170 போச்சு. அதுக்கப்புறம் எட்டு மாசத்துல பதினொன்னுதான் போயிருக்கு. மீதி எல்லாம் வீட்டுக் கூடத்துல பெட்டி பெட்டியா கிடக்கு. முகநூல்ல விளம்பரம் கொடுக்கலாமா, கிண்டில்ல போடலாமா? வாசகர்களை எப்படிச் சேர்க்கறது? அடுத்த புத்தகம் எத்தனை அடிக்கலாம்?"

தங்கச்சி, அந்த 170 பேர்ல எத்தனை பேர் கதையைப் படிச்சிட்டு உங்ககிட்ட வந்து பேசினாங்க? பேரு பேராச் சொல்ல முடியுமா? ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. அஞ்சு பேர் வந்தா உங்களுக்கு அஞ்சு வாசகர் இருக்காங்க. அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

நம்ம பக்கம் நூல் வெளியீடு எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். மண்டபம் எடுப்போம், குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, பிரமுகர் வருவார், முதல் நூல் அவர் வாங்குவார். அப்புறம் உறவுக்காரங்க, கூட வேலை செய்யறவங்க, கோயில் கமிட்டி ஆளுங்க எல்லாம் வரிசையா வந்து, உறையில அம்பது வெள்ளி நூறு வெள்ளி வெச்சுக் கொடுத்துட்டுப் புத்தகத்தை வாங்கிக்குவாங்க. அதை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். அந்த உறைங்கதான் அச்சகத்துக் கடனை அடைக்குது. நம்ம சமுதாயம் எழுதறவங்களை இப்படித்தான் தாங்கிக்கிட்டு வந்திருக்கு. ஆனா அது மொய். கல்யாண வீட்டுல மொய் எழுதறவங்க பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்னு எழுதறாங்க. அதே மாதிரி இவங்க நீங்க நல்லா இருக்கணும்னு கொடுத்தாங்க. படிக்கிறது வேற காரியம்.

இது எனக்குப் புரிய ரெண்டு வருஷம் ஆச்சு. என் முதல் புத்தகம் ஆயிரம் அடிச்சேன். வெளியீட்டுல முந்நூறு போனதும் முந்நூறு வாசகர் கிடைச்சிட்டாங்கன்னு நம்பினேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனப்ப, கண்ணாடி அலமாரியில என் புத்தகம் நிக்குது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. அன்னிக்கு அவர் நூறு வெள்ளி கொடுத்தவர். அவர் மேல எனக்கு வருத்தம் வரல. உள்ள என்ன கதை இருக்குன்னு அவருக்கு ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவே இல்லையே. அதுதான் எனக்கு வலிச்சது.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்துல இப்ப லயம், அதான் தொழிலாளிங்க இருந்த வரிசை வீடு, கிடையாது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டாங்க, ஜனங்க தாமான் தாமானா, வேற வேற குடியிருப்புக்குப் பிரிஞ்சு போயிட்டாங்க. மாரியம்மன் கோயில் மட்டும் நிக்குது. திருவிழான்னா கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் வந்து சேர்ந்திடுவாங்க. ஒரு வருஷம் அன்னதானம் முடிஞ்சதும் கமிட்டியில கேட்டு, ஒரு கதையை ஒலிபெருக்கியில வாசிச்சேன். பன்னிரண்டு நிமிஷம். ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையில நடக்கிற கதை, கணக்கு எழுதற கிராணியும் அதுல வருவார். முடிச்சதும் ஒரு பாட்டி எழுந்து வந்தாங்க. "கிராணி கணக்கைக் குறைச்சு எழுதறப்ப பொம்பளைங்க எல்லாம் பேசாம நின்னாங்கன்னு எழுதியிருக்கே. நான் பேசினேன்மா. எழுதிக்கோ"ன்னாங்க.

எனக்குக் கிடைச்ச முதல் உண்மையான வாசகர் அவங்கதான். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. பேரன் புத்தகத்தை வாங்கி ராத்திரி ராத்திரி வாசிச்சுக் காட்டினான். அடுத்த மாசம் அந்தப் பாட்டி சொல்லி மூணு வீட்டுல இருந்து எனக்கு போன் வந்தது. முகநூல் விளம்பரத்தால எனக்கு அப்படி ஒரு போன் வந்ததில்ல. காசு கொடுத்தா ஆயிரம் பேர் கண்ணுல படும், அதை மறுக்கல. ஆனா முதல் புத்தகத்துக்கு அந்தக் காசைச் செலவழிக்காதீங்க.

அன்னியில இருந்து ஒரு நோட்டு வெச்சிருக்கேன். வாங்கினவங்க பேர் அதுல வராது, படிச்சவங்க பேர் மட்டும்தான். பேரு, ஊரு, போன் நம்பர், எந்தக் கதையைப் பத்திப் பேசினாங்க, என்ன சொன்னாங்க. ஒரு வருஷத்துல 64 பேர் சேர்ந்தாங்க. இந்த 64 பேரும் வேற வேற ஊர்ல இருக்கற பழைய தோட்டத்து ஆளுங்களுக்குப் பாலமா ஆயிட்டாங்க. உங்க பீடோங் பக்கமும் கலைஞ்சு போன தோட்டங்கள் எத்தனை! ஒவ்வொண்ணுக்கும் ஒரு புலனக் குழு, அதான் வாட்ஸ்அப் குழு, இருக்கும், வருஷத்துக்கு ஒரு ஒன்றுகூடல் நடக்கும். உங்க கதையில வர்ற தண்ணிக்குழாயும், காலையில ஆள் கணக்கெடுக்க அடிக்கிற பெரட்டு மணியும் அவங்களுக்குத்தான் தெரியும். முதல்ல அவங்ககிட்ட போங்க.

ஒவ்வொருத்தராப் போய்ப் பார்க்கறதான்னு மலைப்பா இருக்கலாம். எங்க ஊர்க்காரர், அமைச்சரா இருந்த துன் சம்பந்தனை நினைச்சுப் பாருங்க. தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டா விக்கிறது, நடந்து ஜனங்க வேலையும் வீடும் இழந்துக்கிட்டிருந்தப்ப, 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாங்க. தோட்டம் தோட்டமாப் போய், தொழிலாளிங்களை ஒவ்வொருத்தரா உறுப்பினராச் சேர்த்து, அந்தச் சின்னச் சின்னக் காசுலதான் தோட்டங்களை வாங்கினாங்க. இந்த மண்ணுக்குப் பழகின வேலைதான் இது.

நோட்டுல இருக்கறவங்களுக்குச் செய்தி அனுப்பப் புலனக் குழு வேணாம். காலை வணக்கப் படத்துக்கு நடுவுல உங்க கதை காணாமப் போயிடும். புலனத்துலயே ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்)னு ஒண்ணு இருக்கு, செய்தி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் போகும், ஒரு பட்டியல்ல 256 பேர் வரைக்கும் போடலாம். அவங்க உங்க நம்பரைத் தன்னோட போன்ல சேமிச்சிருந்தாதான் செய்தி போய்ச் சேரும். அதனால நேர்ல பார்க்கறப்பவே "என் நம்பரைப் போட்டு வைங்க"ன்னு கேளுங்க. மாசத்துக்கு ஒரு தடவை, உங்க குரல்ல அஞ்சு நிமிஷக் கதை. வாங்குங்க வாங்குங்கன்னு அதுல பேசவே கூடாது.

எழுத்து அளவைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இதை யாரும் பேசறதில்ல. நம்ம வாசகர்ல நிறையப் பேர் தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு வரைக்கும் படிச்சவங்க. அப்புறம் இடைநிலைப்பள்ளி மலாய்ல, வேலை மலாய்லயோ ஆங்கிலத்துலயோ. தமிழ் படிக்க வரும், பழக்கம்தான் விட்டுப் போச்சு. வயசும் அம்பது அறுபது. அவங்க கையில பொடி எழுத்துல நெருக்கி அடிச்ச புத்தகத்தைக் கொடுத்தா ரெண்டாம் பக்கத்துல மூடிடுவாங்க. என் முதல் புத்தகம் அப்படித்தான் இருந்தது, பக்கத்தைக் குறைச்சுக் காசு மிச்சம் பிடிச்சேன். அடுத்ததுல எழுத்தைப் பெரிசாக்கி, வரிக்கு நடுவுல இடம் விட்டேன். "கண்ணாடி தேட வேணாம்மா"ன்னு ஒரு ஐயா சொன்னார். முதல் நாலு பக்கத்தை அச்சடிச்சு உங்க அம்மாகிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க, தங்கச்சி.

கிண்டில்ல போடலாம். 2016-ல இருந்து தமிழ் மின்னூல் போட வசதி இருக்கு. தமிழ்நாட்டு வாசகருக்கும் வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கும் அது நல்ல வழி. ஆனா பதிவு பண்றப்ப கேடிபி செலக்ட்னு அமேசானோட ஒரு திட்டத்துல சேரறீங்களான்னு கேக்கும். அதுல சேர்ந்தா 90 நாளைக்கு அந்த மின்னூலை வேற எங்கயும் டிஜிட்டலாக் கொடுக்கக் கூடாது, இலவசமாவும்தான். அது தானாவே புதுப்பிச்சுக்கும், அதையும் கவனிங்க. விதியைப் படிக்காம டிக் போட்டுட்டு மறுநாள் அதே கதையைப் புலனத்துல அனுப்பிடாதீங்க.

நாளிதழ் ஞாயிறு பதிப்பை விட்டுடாதீங்க. 1924-ல தொடங்கின தமிழ் நேசன் 2019-ல நின்னு போனப்ப, எத்தனையோ பேர் முதல் கதை வந்த வாசல் மூடிப் போச்சு. எனக்கு அது வீட்டுல ஒருத்தர் போன மாதிரி இருந்தது. மத்த நாளிதழ்கள் இருக்கு, அனுப்புங்க. கதைக்குக் கீழ ஊர்ப் பேரைப் போடுங்க. "பீடோங்"னு பார்த்தா அந்த ஊர்க்காரங்க கட்டாயம் படிப்பாங்க.

இன்னொண்ணு, தேசிய நூலகத்துக்குப் பிரதி அனுப்பிட்டீங்களா? 1986-ஆம் வருஷத்துச் சட்டப்படி அச்சு நூல்னா அஞ்சு பிரதி ஒப்படைக்கணும். பெட்டியைப் பிரிச்சதும் முதல்ல அதை முடிச்சிடுங்க.

மீதியில பத்தை எடுத்து, உங்க தாள்ல பேர் எழுதின அந்த அஞ்சு பேருக்கு ஆளுக்கு ரெண்டு கொடுங்க, காசு வாங்காதீங்க. "யாருக்குப் பிடிக்கும்னு உங்களுக்குத் தோணுதோ அவங்ககிட்ட கொடுங்க, கொடுத்தவங்க பேரை மட்டும் எனக்குச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. மூணு வாரம் கழிச்சு அந்தப் பத்துப் பேருக்கும் நீங்களே போன் பண்ணுங்க. பிடிக்கலன்னு சொன்னாலும் ஏன்னு கேட்டு எழுதிக்குங்க.

அடுத்த புத்தகம் எத்தனைன்னு கேட்டீங்க. 150 போதும். பிரதிக்குச் செலவு கொஞ்சம் கூடும், ஆனா கூடத்துல பெட்டி அடுக்க வேண்டியதில்ல. நோட்டுல நூறு பேர் சேர்ற வரைக்கும் அச்சகத்துக்குப் போகாதீங்க. சரி, அடுத்து கூலிம்ல இருந்து ஒரு தம்பி, பிழைதிருத்தம் யாரைப் பார்க்கச் சொல்றதுன்னு கேட்டிருக்கார்.