உலை வைத்த தங்கை

நேயர்களுக்கு வணக்கம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணிப் படை என்றதும் காக்கிச் சட்டையும் தோளில் துப்பாக்கியும் படைத்தலைவி கேப்டன் லட்சுமியும்தான் நம் கண்ணில் வருவார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் தொடங்கியதும், மறு வருஷம் அந்தப் பெண்கள் ரங்கூனுக்கும் மேமியோவுக்கும் வந்ததும் இங்கே பர்மாவில் வளர்ந்த நமக்குத் தெரிந்த கதை. பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நான் பேச வந்தது அவர்கள் நீட்டிய விண்ணப்பத்தைப் பற்றி.

சேர ஆசை இருந்தால் மட்டும் போதாது. கல்யாணமாகாதவளுக்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டும், ஆனவளுக்குப் புருஷன். நாட்டு விடுதலைக்குத் துப்பாக்கி தூக்கப் போகிறவள் வீட்டு வாசலைத் தாண்ட ஓர் ஆண்பிள்ளை கையெழுத்து! இதை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை, ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர் வசதியான வீட்டுப் பெண். அவர் அப்பாவுக்கும் சம்மதமில்லை. விடாப்பிடியாக நின்றுதான் கையெழுத்து வாங்கினார். பிறகு படைத்தலைமையில் இரண்டாம் இடத்துக்கு வந்தவர் அவர்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ரங்கூன் கமாயுட்டில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி இருந்தார். அவருடைய அக்கா படையில் சேர்ந்தவர். அம்மா இல்லாத வீடு, இரண்டு தம்பிகள். அப்பாவுக்கு அரிசி மில்லில் வேலை, எழுதத் தெரியாது. அக்காவே தாளைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் நாட்டைப் பற்றியோ நேதாஜியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லையாம். "நீ போயிட்டா உலை யாரும்மா வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு வயசுத் தங்கை, "நான் வைக்கிறேன்ப்பா" என்றாள். அக்கா விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து அவர் கட்டைவிரலில் தடவினாள். கைநாட்டு விழுந்தது.

அக்கா போன துணிச்சலைப் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் உலை வைத்தவளை எந்தக் கூட்டத்தில் பேசினோம்? குண்டு போட விமானம் வரும்போது சோறு பாதி வெந்திருக்கும். அடுப்பை அணைப்பதா, தம்பிகளை முதலில் பதுங்குகுழிக்கு ஓட்டுவதா? ஆச்சிக்குப் போர் என்றால் அதுதான். அவர் பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று. அந்த வருத்தத்தில் அக்காவோடு கடைசிவரை வாய்ச்சண்டை. பேச்சு மட்டும் நின்றதில்லை.

இன்னொன்று. ஜப்பான் சிப்பாய்கள் நடமாடிய காலம். வயசுப் பெண்ணை அவசரமாகக் கட்டிக்கொடுத்த வீடுகள் உண்டு. ராணிகள் என்று அழைக்கப்பட்ட படைப் பெண்களின் முகாமுக்கோ காவல் இருந்தது. "எங்கப்பா அதையும் நெனச்சுத்தான் விரலை நீட்டியிருப்பாரு" என்பார் ஆச்சி. மகளுக்கு விடுதலை, அப்பாவுக்குப் பாதுகாப்பு, இரண்டும் ஒரே தாளில். கடமை இந்தப் பக்கம், சுதந்திரம் அந்தப் பக்கம் என்று கோடு கிழிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராதது இதனால்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பின்வாங்கலை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. 1945 ஏப்ரல் 24 இரவு நேதாஜி ராணிகளோடு ரங்கூனை விட்டார். லாரிகள் சேற்றில் சிக்க, நடந்தே பெருந்தூரம், பாங்காக் வரை பயணம். பர்மாப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆச்சியின் அக்காவும் அப்படித்தான் திரும்பினார். வந்த பிறகு அவருக்கு வரன் பார்த்த கதை தனிக் கதை. நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் அதையும் சொல்கிறேன். வணக்கம்.