ஏழாவது படியில் நின்ற அம்மா

எல்லோருக்கும் வணக்கம்.

நான் கீமோ வார்டில் நர்ஸ். எங்கள் வார்டு மாடியில் இருக்கிறது. படியேறி வரும் பெண்கள் சிலர் பாதியில் நின்று புடவைக் கொசுவத்தைச் சரி செய்வார்கள். கொசுவம் சரியாகத்தான் இருக்கும். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படி ஏழாவது படியில் நின்ற ஒரு அம்மா. மார்பகப் புற்றுநோய், நாலாவது கீமோ. "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 7.8 கிராம். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ஏம்மா சொல்லவில்லை என்றேன். "கீமோன்னா அசதி இருக்கும்னாங்க. அதைப் போய்ச் சொல்லி, ஊசியை நிறுத்திட்டா?"

இந்தப் பயத்தைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். ஹீமோகுளோபின் குறைந்தால், பெரும்பாலும் அதைச் சரி செய்துகொண்டே கீமோவைத் தொடரத்தான் டாக்டர்கள் வழி பார்ப்பார்கள். சொல்லாமல் இருந்து மயங்கி விழுந்தால்தான் சிகிச்சை தள்ளிப்போகும்.

ரத்தம் ஊறும் இடம் எலும்பு மஜ்ஜை. வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ தாக்கும்போது மஜ்ஜையும் அடிபடுகிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் குறைவு உடனே தெரியாது. மூன்றாவது, நாலாவது கீமோவில் மெல்லத் தலைகாட்டும். நம் பெண்கள் பலர் முதல் ஊசிக்கு முன்பே குறைவில்தான் இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை.

இன்னொன்று. புற்றுநோயால் உடம்பில் அழற்சி இருந்தால், கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகம் சுரக்கும். அது இரும்புச்சத்தைப் பூட்டி வைத்துவிடும். பத்தாயத்தில் நெல் இருந்தும் அடுப்பில் உலை கொதிக்காத கதை. அந்த நிலையில் குடலும் இரும்பை உள்ளே விடாது, மாத்திரை வேலை செய்யாது. டிரிப்பில் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் ஃபெரிட்டின் (சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும்), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் பயன்பாட்டுக்கு ஓடும் இரும்பைக் காட்டும்), வைட்டமின் பி12 பார்த்தீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த அம்மாவுக்கு ஃபெரிட்டின் நிறைய இருந்தது, சாச்சுரேஷன்தான் அடிமட்டத்தில்.

டாக்ஸோருபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறிய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் போகிறது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மருந்தின் நிறம், ஓரிரு நாளில் மாறிவிடும். அப்புறம், கீமோ முடிந்ததும் போடுகிற ஃபில்கிராஸ்டிம் ஊசி வெள்ளையணுவுக்கானது. சிவப்பணுவை அது ஏற்றாது.

சிவப்பணுவை ஊறவைக்கும் எரித்ரோபாய்டின் ஊசி தனி. புற்றுநோயாளிகள் சிலருக்கு அதனால் நோய் முற்றியதும் ஆயுள் குறைந்ததும் ஆய்வுகளில் தெரிந்து, 2007-ல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விடுத்தது. நோயைக் குணப்படுத்தவே கீமோ தரும்போது அதைப் போடுவதில்லை. யார் சொன்னாலும் கடையில் வாங்கிப் போடாதீர்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனாலோ, அதற்கு முன்பே தாங்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ ரத்தம் ஏற்றுவார்கள். ஒரு பாட்டில் ஏறினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் கூடும்.

சாப்பாட்டில் மாதுளையும் பீட்ரூட்டும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறிவிடாது. நன்றாக வெந்த முட்டை, கறி, பருப்பு, கூடவே எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரை நல்லது. டீ, காபியைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

மற்றபடி, எத்தனையாவது படியில் நின்றீர்கள் என்பதை மட்டும் ஃபைல் அட்டையில் எழுதி வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு இரும்பு டிரிப் ஏற்றினோம். அதற்கு அடுத்த முறை 10 என்று எழுதியிருந்தார். போன வாரம் 17. எங்கள் மாடிக்கு மொத்தம் 22 படி.