தாவா சொத்து விவரமும் நகல் மனுத் தேதியும்

நேயர்களுக்கு வணக்கம். நிலத் தகராறுக்காக முன்சீப் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் வக்கீல் எப்படி வாதாடுவார் என்றுதான் கவலைப்படுகிறார்கள். அதற்கு முன்பே வழக்கைக் கெடுத்துவிடக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, பிராதின், அதாவது வழக்குத் தொடரும் மனுவின், கடைசிப் பக்கம். இன்னொன்று, தீர்ப்புக்குப் பிறகு அதன் நகல் கேட்டுப் போடும் நகல் மனு.

பிராதின் கடைசியில் தாவா சொத்து, அதாவது வழக்குக்குரிய சொத்து, பற்றிய விவரம் வரும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 7, விதி 3 சொத்தை அடையாளம் காணும்படி காட்டச் சொல்கிறது. எல்லைகளோ சர்வே எண்ணோ இருந்தால் அவற்றையும் குறிப்பிட வேண்டும். பலர் பழைய கிரயப் பத்திரத்தில் உள்ளதை அப்படியே நகலெடுக்கிறார்கள். பத்திரத்தில் சர்வே எண் 212/3 என்று இருக்கும். உட்பிரிவு ஆகி இன்றைய பட்டாவில் 212/3பி என்று இருக்கும். கிழக்கெல்லைக்காரர் நிலத்தை விற்றுவிட்டுப் போயிருப்பார். இப்படியே டிகிரி (தீர்ப்பாணை) வாங்கினால், அதை அமலாக்கக் கேட்கும் நிறைவேற்று மனுவில் கோர்ட் ஊழியரான அமீன் வந்து நிற்கும்போது எது தாவா நிலம் என்பதே சண்டையாகும். ஆகவே பழைய எண், இன்றைய உட்பிரிவு, பரப்பளவு, நான்கெல்லை, கிராமம், வட்டம், சார்பதிவாளர் அலுவலக எல்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதுமுன் பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு நிலத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். விசாரணை தொடங்கிய பிறகு பிராதைத் திருத்துவது கடினம். தக்க கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று கோர்ட்டுக்கு ஏற்கும்படி காட்ட வேண்டும்.

பிராதில் சொன்னது உண்மை என்று உறுதி கூறும் சரிபார்ப்புரையில் தேதி, இடம், கையெழுத்து, கூடவே பிரமாணப் பத்திரம் வேண்டும். குறை இருந்தால் பிராது வழக்கு எண் பெறாமல் திரும்பும். திருப்பும்போது தரும் கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்பியிருக்கும் ஆவணங்களைப் பிராதோடே தாக்கல் செய்யுங்கள். பின்னால் கொடுக்க அனுமதி மனு போட வேண்டிவரும். பண வழக்கில் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017 முதல் 3 சதவீதம். 2 லட்சம் கேட்டால் 6,000 ரூபாய். தாக்கல் தேதி வரை சேர்ந்த வட்டியையும் கேட்கிறீர்கள் என்றால் அதையும் கூட்டித்தான் கணக்கு.

அதே நிலத்தின் மேல் முன்பே வழக்கு நடந்ததா என்று தேடுவதும் அவசியம். கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண் தெரிந்தால் உடனே கிடைக்கும். தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுவது நல்லது. முடிந்த வழக்குகளையும் பாருங்கள். அங்கே எதுவும் வரவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பழைய வழக்குகள் ஏறாமல் இருக்கலாம். நீங்கள் கட்சிக்காரர் இல்லாத வழக்கின் நகல் வேண்டுமானால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லி அந்தக் கோர்ட்டிலேயே மனு போடுங்கள். கோர்ட் விதிகளில் இந்த வழி இருக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது என்று 2020ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இனி தீர்ப்புக்கு வருவோம். தளத்தில் இறக்கிய தீர்ப்பு படிக்க உதவும். அது மேல்முறையீட்டுக்கு வேண்டிய, கோர்ட் சான்றிட்ட நகல் ஆகாது. மாவட்ட அளவில் முதல் மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களைக் காலவரம்புச் சட்டம் 12ஆம் பிரிவு கழித்துவிடும். ஆனால் நகல் மனு போடும் முன் போன நாட்களைக் கழிக்க மாட்டார்கள். டிகிரி தயாராகவில்லை என்று மனு போடாமல் காத்திருந்தாலும் அந்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள்.

ஜூன் 3ல் தீர்ப்பு, 28ல் நகல் மனு என்று வையுங்கள். 24 நாள் போயிற்று, மீதி 6. ஜூலை 14ல் நகல் தயார். நீங்கள் 24ல் போய் வாங்கினால் அந்தத் தாமதம் உங்கள் கணக்கு. கெடு முடிந்துவிட்டது, தாமத மன்னிப்பு மனு போட வேண்டியதுதான். நகல் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டினாலும் இதே கதி. அதனால் தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போடுங்கள், அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நகலில் முத்திரையிட்டிருக்கும் மனுத் தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி, கொடுத்த தேதி ஆகியவற்றை நகல் பிரிவு ஜன்னலிலேயே நின்று சரிபாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.