மரிம்பா ஒலிக்கும் கொலைக்கதை

அவையோருக்கு வணக்கம். நேற்று மாலை இதே திரையில் 'ட்ரூ ரொமான்ஸ்' பார்த்தோம். முடிந்ததும் ஒரு தம்பி என்னை வாசலில் மறித்துக்கொண்டார். "ஐயா, இரண்டு மணி நேரம் கொலையும் கொக்கெய்னுமாகப் போகிறது. வெளியே வரும்போது மட்டும் ஏன் கல்யாண வீட்டிலிருந்து வருவதுபோல் இருக்கிறது?" என்றார். இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

1993இல் வந்த படம். எழுதியவர் குவென்டின் டரான்டினோ, இயக்கியவர் டோனி ஸ்காட். திரையரங்கில் பெரிதாக ஓடவில்லை. பிறகு வீடியோ கேசட்டில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

டெட்ராய்ட் நகரில் காமிக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன் கிளாரன்ஸ். பிறந்தநாளன்று கூட வர ஆளில்லாமல், ஜப்பானிய நடிகர் சானி சிபாவின் சண்டைப் படங்கள் மூன்றை வரிசையாகப் பார்க்கத் தனியே போகிறான். அலபாமா என்ற பெண் அவன்மேல் பாப்கார்னைக் கொட்டுகிறாள். பழக்கம் அங்கே தொடங்குகிறது. அன்றிரவே, அவன் வீட்டுக்கு வெளியே விளம்பரப் பலகையை ஒட்டிய மேடையில் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாப்கார்ன் தற்செயலாகக் கொட்டவில்லை. பிறந்தநாள் பரிசாக அவளைப் பணம் கொடுத்து அனுப்பியவர் அவனுடைய முதலாளி. பாலியல் தொழிலுக்கு வந்து நான்கே நாள்தான் ஆகிறது, நீ மூன்றாவது ஆள் என்கிறாள். நான்கு, மூன்று என்று அந்தப் பெண் கணக்கு ஒப்பிக்கிற இடத்தில்தான் இந்தப் படத்திடம் நான் தோற்றேன். நேர்மையை நிரூபிக்க அவளிடம் வேறு என்ன இருக்கிறது? மறுநாளே திருமணம்.

அப்புறம் கிளாரன்ஸ் அவளுடைய தரகனைக் கொல்கிறான். அவள் துணிமணி என்று நினைத்து எடுத்துவந்த பெட்டியில் கொக்கெய்ன் இருக்கிறது. அதை விற்க லாஸ் ஏஞ்சலஸ் போகிறார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும். கிளாரன்ஸின் அப்பாவாக வரும் டென்னிஸ் ஹாப்பரை, மாஃபியா ஆளாக வரும் கிறிஸ்டபர் வாக்கன் விசாரிக்கிற, ரசிகர்கள் கொண்டாடும் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை: நடிப்பு அபாரம். ஆனால் அங்கே பேசப்படும் இனவெறிப் பேச்சுக்குச் சிலர் கைதட்டுவது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

தம்பியின் கேள்விக்குப் பாதி பதில் இசையில் இருக்கிறது. ஹான்ஸ் ஸிம்மர் இந்தப் படத்தின் மைய இசையை மரிம்பாவில் அமைத்தார். மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் அந்தக் கருவியில் பெருஞ்சோகம் காட்ட முடியாது, மழலைதான் வரும். மெட்டின் வேரும் அப்படிப்பட்டதுதான். கார்ல் ஓர்ஃபும் குனில்ட் கீட்மனும் சிறுவர்களுக்கு இசை கற்பிக்கத் தொகுத்த வரிசையிலிருந்து ஒரு துணுக்கை, 1973இல் டெரன்ஸ் மாலிக் 'பேட்லேண்ட்ஸ்' படத்தில் பயன்படுத்தினார். அதுவும் ஓடிப்போகும் காதலர்கள், கொலைகள்தான். ஆனால் மாலிக் அந்த இசையை வைத்துக்கொண்டு தன் ஜோடியைத் தொலைவிலிருந்து பார்த்தார். ஸ்காட் அதே சாயலில் ஒரு மெட்டை வாங்கி, அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டரான்டினோ எழுதியபடி கிளாரன்ஸ் சாக வேண்டும். ஸ்காட்டுக்கு மனம் வரவில்லை, பிழைக்க வைத்தார். முதலில் எதிர்த்த டரான்டினோவே, ஸ்காட் எடுத்த படத்துக்கு இந்த முடிவுதான் பொருத்தம் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

நியாயமாகப் பார்த்தால் அது பொய்யான முடிவு. அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவே யார் பிழைப்பார்கள்? ஆனால் மோட்டல் அறையில், கொக்கெய்னைத் தேடி வந்த அடியாளிடம் அலபாமா வாங்கிய அடியை நினைத்துப் பாருங்கள். முகமெல்லாம் ரத்தத்தோடு அவள் சிரிக்கிறாள், பிறகு கையில் கிடைத்த கார்க் திருகியை அவன் பாதத்தில் குத்துகிறாள். அதைப் பார்த்த பிறகும் அவளை விதவையாக்கி அனுப்ப எனக்கும் கை வராது. கடைசியில் கடற்கரை. கிளாரன்ஸின் ஒரு கண்ணை மறைத்துக் கறுப்புத் துணி, பக்கத்தில் எல்விஸ் என்று பெயர் வைத்த குழந்தை, மறுபடியும் அந்த மரக்கட்டைச் சத்தம். தம்பி, நீங்கள் சொன்ன கல்யாண வீடு அதுதான்.