பாடமாக்க வேண்டாம், அட்டவணையைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் எந்த ரியூசன் வகுப்பின் வாசலில் நின்றாலும் இந்தச் சத்தம் கேட்கும்: "சோடியம் ஒன்று, மக்னீசியம் இரண்டு, அலுமினியம் மூன்று..." பிள்ளைகள் வலுவளவைப் பாடமாக்குகிறார்கள். எனக்கு இது பொறுக்காது. வாய்ப்பாடு போல ஒப்புவிக்கும் பிள்ளையிடம் "கந்தகத்துக்கு ஏன் ஓரிடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் ஆறு?" என்று கேளுங்கள், முழிக்கும். பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இன்று அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். வலுவளவு என்பது ஒரு மூலகம் எத்தனை பிணைப்புக்குக் கைகொடுக்கும் என்ற கணக்கு. ஆவர்த்தன அட்டவணையின் மூன்றாவது வரிசையில் சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன், பொஸ்பரசு, கந்தகம், குளோரீன் என்று ஏழு பேர் இருக்கிறார்கள். கடைசியில் ஆர்கன், அவர் யாரோடும் சேர மாட்டார், விடுங்கள். இந்த ஏழு பேரும் ஒட்சிசனோடு சேரும்போது உச்ச வலுவளவு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை ஏறிக்கொண்டே போகும். ஐதரசனோடு சேரும்போது அப்படி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சிலிக்கன் வரை ஏறி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கிவிடும்.

சிலிக்கனிலிருந்து இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நான்கும் நான்கும் எட்டு. பொஸ்பரசுக்கு ஐந்தும் மூன்றும் எட்டு. கந்தகத்துக்கு ஆறும் இரண்டும் எட்டு. குளோரீனுக்கு ஏழும் ஒன்றும் எட்டு. ஒரே மூலகம்தான், கூட்டாளி மாறியதும் கணக்கு மாறுகிறது. ஏன் மாறுகிறது?

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கூட்டமாக நின்று இரு பக்கக் கயிற்றையும் இழுப்பார்கள். ஒரு பக்கத்து ஆட்களுக்குப் பலம் கூடினால் மடி அந்தப் பக்கம் சாயும். இரண்டு அணுக்கள் பங்குபோட்டுக்கொள்ளும் இலத்திரன்களும் அந்த மடி மாதிரித்தான். அவற்றைத் தன் பக்கம் இழுக்கும் வலுவைத்தான் மின்னெதிர்த்தன்மை என்கிறோம். 1932இல் லைனஸ் போலிங் என்ற அமெரிக்க வேதியியலாளர் அதற்கு எண் கொடுத்தார். புளோரீனுக்கு ஏறத்தாழ 4, அதுதான் உச்சம். ஒட்சிசன் 3.44, குளோரீன் 3.16, கந்தகம் 2.58, ஐதரசன் 2.2, சோடியம் 0.93. எண்களை எழுத வேண்டாம். ஒட்சிசன் பலசாலி, ஐதரசன் நடுத்தரம், சோடியம் சாது என்று பிடித்துக்கொண்டால் போதும்.

வரிசையில் வலப்பக்கம் போகப் போகக் கருவின் நேரேற்றம் கூடுகிறது, இலத்திரன்கள் இருக்கும் வெளி ஓடு அதேதான், அதனால் இழுவை கூடும். நிரலில் கீழே போகப் போக இடையில் ஓடுகள் வந்து மறைக்கின்றன, இழுவை பொதுவாகக் குறையும்.

சரி, கந்தகத்துக்கு வருவோம். ஐதரசன் அதைவிடப் பலவீனம். ஆகவே கந்தகம் இரண்டு இலத்திரன்களைத் தன் பக்கம் சாய்த்து, வெளி ஓட்டிலுள்ள ஆறை நிறைவான எட்டாக்கிக்கொள்கிறது. அதுதான் கூழ்முட்டை நாற்றம் தரும் வாயு. ஒட்சிசன் அதைவிடப் பலசாலி. அங்கே கந்தகத்தின் வெளி ஓட்டிலுள்ள ஆறும் மறுபக்கம் சாய்கின்றன. அதுதான் சல்பூரிக் அமிலத்தில் காணும் ஆறு. திரும்பவும் சொல்கிறேன்: தன்னைவிடப் பலசாலி எதிரே நின்றால்தான் அந்தப் பெரிய எண் வெளியே வரும். குளோரீனை ஒட்சிசன் ஏழு வரை கொண்டுபோகும். அதே நிரலில் மேலே இருக்கும் புளோரீனுக்கு ஒன்றுதான், ஏனென்றால் அதை மிஞ்சி இழுக்க ஆளே இல்லை.

இலத்திரன் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். அதற்குப் பல வருடம் முன்னரே, 1869இல், இந்த அட்டவணையை அமைத்த ரஷ்யர் மெண்டலீவ் வலுவளவை வைத்துக்கொண்டு செய்த காரியத்தை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. பெரிலியம் அலுமினியத்தைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே வலுவளவு மூன்று என்று பலர் சொன்னார்கள். அந்தக் காலத்தில் வலுவளவை வைத்தே அணுநிறையைக் கணக்கிட்டார்கள், மூன்று என்றால் அணுநிறை ஏறத்தாழ 14 வரும். 14இல் நைதரசன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது! மெண்டலீவ் என்ன செய்தார்? வலுவளவு இரண்டுதான், அணுநிறை 9தான் என்றார். இலிதியம் 7, போரன் 11, நடுவில் ஒரு கதிரை காலியாக இருக்கிறது, அங்கே போய் இருக்கட்டும் என்றார். சுவீடனில் நில்சன், பெட்டர்சன் என்ற இருவர், மூன்றுதான் என்று நின்றார்கள். கடைசியில் 1884இல் அவர்களே பெரிலியம் குளோரைட்டின் ஆவியடர்த்தியை அளந்தார்கள், அதிலிருந்து மூலக்கூறின் நிறை தெரிந்துவிடும். விடை இரண்டு! எதிர்த்து நின்றவர்களின் ஆய்வுகூடமே மெண்டலீவுக்குச் சாட்சி சொன்னது. இந்தியம் என்ற மூலகத்துக்கும் இதே வைத்தியம்தான். அதற்கு வலுவளவு இரண்டு, நிறை 76 அளவில் என்றிருந்ததை, மூன்று, 113 அளவில் என்று திருத்தினார். அட்டவணையைப் பாடமாக்கியவர் செய்யும் வேலையா இது?

கண்ணாடிக்கு அப்பால் விரலைக் காட்டுகிறார்கள், ஐந்து நிமிடமாம். மெண்டலீவ் எப்போதும் இப்படித்தான் நேரத்தை விழுங்கிவிடுவார்.

தண்ணீரைச் சொல்லாமல் போக முடியாது. கூழ்முட்டை வாயு தண்ணீரைவிடப் பாரமான மூலக்கூறு. ஆனாலும் பூச்சியத்துக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்துவிடும். தண்ணீர் கொதிக்க 100 பாகை வேண்டும். ஒட்சிசன் ஐதரசனின் இலத்திரனைக் கடுமையாக இழுப்பதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்த இழுவை இல்லாவிட்டால் கொட்டியாரக் குடாவில் தண்ணீர் நின்றிருக்காது.

புல்மோட்டைக் கறுப்பு மணலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருந்தேன், இப்போது ஒரு கணக்கு மட்டும். அதிலுள்ள இல்மனைட்டு என்ற கனிமத்தில் இரும்பு ஒன்று, தைத்தேனியம் ஒன்று, ஒட்சிசன் மூன்று. மூன்று ஒட்சிசனும் ஆளுக்கு இரண்டாக ஆறு கேட்கும். தைத்தேனியம் நான்கு தரும். இரும்பு எவ்வளவு தர வேண்டும்? வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் கேளுங்கள். அதே மணலில் உள்ள சிர்க்கன் என்ற கனிமத்தில் சிர்க்கோனியமும் சிலிக்கனும் ஆளுக்கு நான்கு, அங்கே ஒட்சிசனும் நான்கு, கணக்கு நேராகும்.   செய்திக்கு நேரமாகிவிட்டதாம். நன்றி, வணக்கம்.